ஐரிஸில் ஒரு துளை: ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபேயும் கிளாக்கோமாவும்

கண்ணில் பிரஷர் பார்த்துவிட்டு, "ஆங்கிள் குறுகலா இருக்கு, லேசர்ல ஐரிஸ்ல ஒரு சின்ன ஓட்டை போட்டுடலாம்" என்று டாக்டர் சொன்னால் வீட்டில் எல்லோரும் குழம்பிப்போகிறார்கள். பார்வைதான் நன்றாக இருக்கிறதே, ஓட்டை எதற்கு? போட்டால் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்காதா? இந்தக் கேள்விகளுக்கான விடை 1850களின் பெர்லினில் தொடங்குகிறது. ஐரிஸின் ஒரு துண்டை வெட்டி எடுத்தால், குருடாகிவிடும் என்று கைவிடப்பட்ட கண்ணைக் காப்பாற்றலாம் எனக் காட்டியவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். 42 வயதிலேயே காசநோயால் இறந்தவர்.

அவர் செய்த அறுவை சிகிச்சை பலித்தது. அது ஏன் பலிக்கிறது என்பதற்கு அவர் சொன்ன காரணம் சரியில்லை. இருந்தும், எந்தக் கண்ணில் பலிக்கும், எந்தக் கண்ணில் பலிக்காது என்று பிரித்து எழுதிவைத்தார். அவருடைய பெருமையில் பெரும்பங்கு அந்தப் பிரித்தெழுதலுக்கே உரியது என்று நினைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள முதலில் கண்ணுக்குள் நீர் ஓடும் பாதை தெரிய வேண்டும்.

கண்ணுக்குள் ஓடும் நீர்

கண்ணீரை இங்கே மறந்துவிடலாம். அது கண்ணுக்கு வெளியே சுரப்பது. நாம் பேசுவது கண்ணுக்குள்ளேயே சுரந்து உள்ளேயே வடியும் தெளிந்த நீரைப் பற்றி.

1. கண்ணின் முன்பக்கம், ஒளி புகும் படலம் கருவிழி. அதற்குப் பின்னால் நிறமுள்ள வட்டத் திரைதான் ஐரிஸ். ஐரிஸின் நடுவில் உள்ள துவாரம் கண்மணி. அதற்கும் பின்னால் லென்ஸ் இருக்கிறது.

2. ஐரிஸுக்குப் பின்புறம் இந்த நீர் சுரக்கிறது. லென்ஸுக்கும் ஐரிஸுக்கும் இடையே நுழைந்து, கண்மணி வழியாக முன்பக்கம் வருகிறது.

3. கருவிழியும் ஐரிஸும் சந்திக்கும் ஓரத்தில் ஒரு சல்லடை போன்ற திசு உண்டு. நீர் அதன் வழியே வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. அந்த ஓரத்தைத்தான் டாக்டர்கள் ஆங்கிள், அதாவது கோணம் என்கிறார்கள்.

4. சுரப்பதும் வடிவதும் சமமாக இருந்தால் கண்ணின் அழுத்தம் சீராக இருக்கும். வடிவது தடைபட்டால், குழாயைத் திறந்துவிட்டு வடிகாலை மட்டும் அடைத்த தொட்டியின் கதைதான். அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் கண்ணின் பின்புறம் உள்ள பார்வை நரம்பை நசுக்குகிறது. நசுங்கிச் செத்த நரம்பு இழை திரும்ப உயிர்பெறாது.

இதுதான் கிளாக்கோமா; தமிழில் கண் நீர் அழுத்த நோய். இதில் இரண்டு முக்கிய வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் கோணம் திறந்தே இருக்கும். சல்லடை மட்டும் மெல்ல மெல்ல வேலை செய்யாமல் போகும். வலி இருக்காது, பல ஆண்டுகள் ஒன்றுமே தெரியாது, ஓரப் பார்வை சத்தமில்லாமல் போய்விடும். மற்றதில் ஐரிஸே முன்னால் தள்ளப்பட்டுக் கோணத்தை மூடிவிடும். அது திடீரென்று நடந்தால், சில மணி நேரத்தில் கண் கல்லாகிவிடும்: தாங்க முடியாத வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், மங்கிய பார்வை. இது இன்றைக்கும் அவசரச் சிகிச்சை. வாந்தியையும் தலைவலியையும் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தால், விடிவதற்குள் பார்வை போய்விடக்கூடும்.

1850க்கு முன் இந்தத் திடீர்த் தாக்குதலுக்கு மருத்துவர்கள் இரத்தம் எடுத்தார்கள், அட்டை விட்டார்கள், பேதி கொடுத்தார்கள். எதுவும் உதவவில்லை.

பெர்லினில் பிறந்த பையன்

கிரேஃபே 1828 மே 22 அன்று பெர்லினில் பிறந்தார். தந்தை கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபே பெர்லின் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைப் பேராசிரியர், ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். இழந்த மூக்கைத் திரும்ப அமைக்கும் அறுவை பற்றி 1818இல் அவர் எழுதிய நூலில், நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு செய்யும் இந்திய முறைக்கும் இடம் தந்திருக்கிறார். 1840இல் ஹனோவர் இளவரசரின் கண்ணுக்கு அறுவை செய்ய அழைப்பு வந்து போனவர், அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அப்போது மகனுக்கு 12 வயது.

மகன் 1847இல், 19 வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார். ஆய்வுக் கட்டுரை புரோமின் என்ற வேதிப்பொருளைப் பற்றியது. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறகு ஊர் ஊராகப் போய்ப் படித்தார். பிராகில் ஃபெர்டினாண்ட் ஆர்ல்ட் என்ற கண் மருத்துவரிடம் இருந்தபோதுதான் கண் மருத்துவத்தில் நிலைப்பது என்ற முடிவு உறுதியானது. அடுத்து பாரிஸ், வியன்னா, லண்டன். லண்டனில் 1851இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் டான்டர்ஸைச் சந்தித்தார். கண்ணாடிப் பவருக்கான அறிவியலை வகுத்தவர் டான்டர்ஸ். இருவரின் நட்பு கடைசிவரை நீடித்தது.

பெர்லின் திரும்பியவர் ஒரு தனியார் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது கார்ல் தெருவில் வளர்ந்து பெரிதானது. ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை. ஜெர்மனியின் பல மூலைகளிலிருந்தும், பிறகு அமெரிக்காவிலிருந்தும் கூட, இளம் மருத்துவர்கள் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

கண்ணுக்குள் பார்க்க முடிந்த காலம்

கிரேஃபேயின் காலம் அவருக்குக் கைகொடுத்தது. ஒருவர் கண்ணுக்குள் நாம் பார்த்தால் கண்மணி கறுப்பாகத் தெரிகிறது. உள்ளே போன ஒளி வந்த வழியே திரும்பி, விளக்கை நோக்கியே போய்விடுகிறது. அந்த ஒளியைப் பார்க்க வேண்டுமானால் நம் தலையை விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் வைக்க வேண்டும். வைத்தால் ஒளியே மறைந்துவிடும். இந்தச் சிக்கலை 1850இல் தீர்த்தவர் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளால் பக்கத்து விளக்கின் ஒளியை நோயாளியின் கண்ணுக்குள் அனுப்பி, அதே தகடுகளின் ஊடாகப் பார்த்தார். உயிருள்ள மனிதனின் விழித்திரை, அதன் இரத்த நாளங்கள், பார்வை நரம்பின் முனை எல்லாம் கண்ணெதிரே தெரிந்தன. கருவியின் பெயர் ஆப்தால்மாஸ்கோப்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் உடலியங்கியல் ஆய்வாளர். நோயாளிகளைப் பார்ப்பவர் அல்லர். கருவியை ஆய்வகத்திலிருந்து நோயாளியின் நாற்காலிக்குக் கொண்டுபோன முதல் தலைமுறையில் கிரேஃபே முன்னால் நின்றார். தினமும் வந்த நோயாளிகளின் கண்களை அதனால் பார்த்தார், பார்த்ததை எழுதினார். எழுதியதை வெளியிட 1854இல் ஓர் இதழையே தொடங்கினார். முதல் தொகுதியின் பெரும்பகுதி அவர் எழுதியதுதான். அடுத்து ஆர்ல்ட்டும் டான்டர்ஸும் ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். கிரேஃபேயின் பெயரைத் தாங்கி அந்த இதழ் இன்றும் வருகிறது.

குழியை மேடு என்று எண்ணிய கதை

புதிய கருவியின் படம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது. கிளாக்கோமா நோயாளிகளின் பார்வை நரம்பு முனையை 1854இல் விவரித்தபோது, அது முன்னோக்கி வீங்கியிருப்பதாக கிரேஃபே எழுதினார். வியன்னாவின் எட்வார்ட் யேகரும் அப்படித்தான் கண்டார். உண்மையில் அங்கே இருந்தது குழி.

ஏன் இந்த ஏமாற்றம்? அந்தக் கருவியில் ஒரு கண்ணால்தான் பார்க்க முடியும்; ஒற்றைக் கண் பார்வையில் ஆழம் பிடிபடாது. நரம்பு முனையின் விளிம்பில் இரத்த நாளங்கள் சட்டென்று வளைந்து மறைகின்றன. அந்த வளைவு மேட்டின் சரிவாகவும் தெரியலாம், குழியின் சரிவாகவும் தெரியலாம். வீக்கம் என்று எதிர்பார்த்த மனத்துக்கு மேடாகத் தெரிந்தது.

அடுத்த ஆண்டே கிரேஃபே தம் கூற்றைத் தாமே திருத்தி, அது குழிவு என்று அச்சில் எழுதினார். இறந்தவரின் கண்ணை வெட்டிப் பார்த்த ஹைன்ரிஹ் ம்யூல்லர் 1856இல் அதை உறுதிசெய்தார். இந்தத் திருத்தத்தின் பலன் மிகப் பெரியது. வீக்கம் என்றால் நரம்பில் அழற்சி என்று பொருள். குழிவு என்றால் உள்ளிருந்து ஏதோ ஒன்று நரம்பைப் பின்னோக்கி அழுத்துகிறது என்று பொருள். அழுத்தத்தைக் குறைத்தால் நரம்பைக் காக்கலாம் என்ற எண்ணத்துக்கு இங்கேதான் வழி பிறந்தது. இன்றும் கிளாக்கோமா சந்தேகம் வந்தால் டாக்டர் முதலில் தேடுவது அந்தக் குழியின் அளவைத்தான்.

1857: ஐரிஸை வெட்டிய அறுவை

அழுத்தத்தைக் குறைக்க கிரேஃபே முதலில் கருவிழியில் ஊசியால் குத்தி நீரை வெளியேற்றிப் பார்த்தார். கண் உடனே இளகும். கொஞ்ச நாளில் பழையபடி இறுகிவிடும். இதற்கிடையில், வேறு நோய்களுக்காக ஐரிஸின் ஒரு துண்டை வெட்டி எடுத்த கண்கள் பிறகு இளகியே இருப்பதைக் கவனித்திருந்தார். அந்த அறுவையையே கிளாக்கோமாவுக்குச் செய்தால் என்ன என்று யோசித்தார்.

செய்முறை இதுதான். கருவிழியின் ஓரத்தில் ஈட்டிமுனைக் கத்தியால் ஒரு வெட்டு. சிறு இடுக்கியால் ஐரிஸைப் பிடித்து வெளியே இழுத்து, அகலமான ஒரு துண்டை அதன் வேர்வரை வெட்டி எடுப்பது. "அகலமாக", "வேர்வரை" என்ற இரண்டையும் கிரேஃபே விடாமல் வலியுறுத்தினார். கண்ணில் ஊற்றி மரத்துப்போகச் செய்யும் மருந்து அன்று கிடையாது.

1857இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்டதைச் சுருக்கினால் இப்படி வரும்:

1. திடீர்த் தாக்குதல் வந்து, தாமதமில்லாமல் அறுவை செய்த கண்களில் பார்வை மீண்டது. நிலைத்தும் நின்றது.

2. நாள்பட்டு அடிக்கடி சிவந்து வலிக்கும் வகையில், மிச்சமுள்ள பார்வையைக் காக்கலாம். போனது வராது.

3. வலியே இல்லாமல் நரம்பு மட்டும் குழிந்துகொண்டே போகும் வகையில் பலன் நிச்சயமில்லை.

4. முழுக்கக் குருடாகிவிட்ட கண்ணில், வலியைக் குறைக்க மட்டுமே பயன்படும்.

எல்லோருக்கும் பலிக்கும் என்று அவர் சொல்லவில்லை. மூன்றாவது வகையை முதலில் கிளாக்கோமா என்ற பெயரின் கீழ் சேர்க்கக்கூடத் தயங்கினார். டான்டர்ஸ்தான் பின்னர் அழுத்த உயர்வே நோயின் சாரம் என்று வாதிட்டு, அதையும் உள்ளே கொண்டுவந்தார்.

பலித்தது ஏன்?

கிரேஃபேயின் கணிப்பு வேறு. விழித்திரைக்கு அடியில் உள்ள இரத்தநாளப் படலம் அழற்சியுற்று, அதனால் கண்ணுக்குள் நீர் அதிகம் சேர்கிறது என்று நினைத்தார். அதாவது குழாய் அதிகம் திறந்துவிட்டது என்று எண்ணினார். வடிகால் அடைபட்டிருக்கும் என்ற எண்ணம் அன்று யாருக்கும் வரவில்லை. கோணம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அவருடைய மாணவர் தியோடர் லேபர்தான் 1870களில் நீர் எங்கே வடிகிறது என்பதைச் சோதனைகளால் காட்டினார். 1876, 1877 ஆண்டுகளில் மாக்ஸ் க்னீஸும் அடால்ஃப் வேபரும் கிளாக்கோமாக் கண்களில் கோணம் ஒட்டி மூடியிருப்பதைக் கண்டார்கள். கிரேஃபே அப்போது உயிரோடு இல்லை. இருபதாம் நூற்றாண்டில் மீதிப் படம் தெளிவானது: சில கண்களில் லென்ஸும் ஐரிஸும் நெருங்கியிருக்கும். பின்னால் சுரக்கும் நீர் கண்மணி வழியாக வர முடியாமல் தேங்கி, ஐரிஸை முன்னோக்கி உப்பவைக்கும். உப்பிய ஐரிஸ் கோணத்தை மூடும். ஐரிஸில் ஒரு துளை இருந்தால் நீர் அந்தக் குறுக்குவழியில் முன்பக்கம் வந்துவிடும், இரு பக்க அழுத்தமும் சமமாகும், ஐரிஸ் தட்டையாகும், கோணம் திறக்கும்.

கிரேஃபேயின் நான்கு முடிவுகளையும் இந்த விளக்கத்தோடு வைத்துப் பாருங்கள். கோணம் அப்போதுதான் மூடிய கண்ணில் பலித்தது. நெடுநாள் மூடி ஒட்டிப்போன கண்ணில் பாதி பலித்தது. கோணம் திறந்தே இருந்த கண்ணில், துளையால் ஆவதற்கு ஒன்றுமில்லை. கோணத்தைப் பார்க்காமலேயே, நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தே, அந்தக் கோட்டைக் கிட்டத்தட்டச் சரியான இடத்தில் போட்டிருக்கிறார்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விகளுக்கும் இதிலேயே பதில் உண்டு. இன்றைய யாக் லேசர் போடுவது ஒரு மில்லிமீட்டரை விடச் சிறிய துளை. கருவிழியை அது திறப்பதில்லை. கண்ணுக்குள் ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் நடுவே மட்டும் வழி விடுகிறது. ஆகவே நீர் வெளியே வடியாது. பார்வை நன்றாக இருக்கும்போதே போடச் சொல்வது, கோணம் மூடும் ஆபத்து அதிகம் என்று டாக்டர் கருதும் கண்ணில் தாக்குதல் வராமல் தடுக்கத்தான். ஏற்கெனவே இழந்த பார்வையை அது மீட்டுத் தராது.

கண்புரைக்கு ஒரு மெல்லிய கத்தி

கண்புரை அறுவையில் அன்று இருந்த பெரிய பயம் சீழ். லென்ஸை வெளியே எடுக்கும் முறை பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் ழாக் டேவியல் காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் கருவிழியின் ஏறக்குறைய பாதிச் சுற்றளவை வெட்ட வேண்டும். தையல் கிடையாது. நோயாளி இரு கண்ணிலும் கட்டோடு அசையாமல் கிடக்க வேண்டும். இருமினாலே வெட்டு விரியும், உள்ளே சீழ் பிடிக்கும், கண் போய்விடும்.

1860களில் கிரேஃபே வெட்டை மாற்றினார். சுமார் 2 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு நீண்ட கத்தியைச் செய்வித்து, கருவிழியும் வெண்விழியும் சேரும் மேல் ஓரத்தில் நேர்கோட்டுக்கு அருகான வெட்டு போட்டார். கூடவே ஐரிஸின் ஒரு துண்டையும் எடுத்தார். நேரான வெட்டின் இரு உதடுகளும் தாமாகவே பொருந்தி நின்றன. சீழ் பிடித்துக் கெடும் கண்கள் பெரிதும் குறைந்தன. கிருமிகளைப் பற்றிய அறிவு அறுவை அறைக்குள் நுழையும் முன்பே இது நடந்தது. கிரேஃபே கத்தி என்ற பெயரில் அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கண் மருத்துவர்களின் பெட்டியில் இருந்தது.

கண்ணில் தெரிந்த மற்ற நோய்கள்

1859இல் எழுதிய ஒரு நோயாளியின் கதையைச் சொல்ல வேண்டும். இதய வால்வில் நோய் உள்ளவர். ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை போயிற்று. கிரேஃபே உள்ளே பார்த்தார். விழித்திரையின் தமனிகள் நூலாக மெலிந்து, இரத்தமின்றிக் கிடந்தன. இதயத்திலிருந்து பிய்ந்து வந்த ஒரு கட்டி விழித்திரையின் மையத் தமனியை அடைத்துவிட்டது என்று முடிவுசெய்தார். இரத்தக் கட்டி ஓரிடத்தில் உருவாகி வேறிடத்தில் போய் அடைக்கும் என்பதை ஜெர்மானிய நோயியல் ஆய்வாளர் ருடால்ஃப் விர்ஹோ நிறுவி அப்போது அதிக காலம் ஆகவில்லை. நோயாளி பின்னர் இறந்தபோது, கிரேஃபேயின் மாணவர் கார்ல் ஷ்வைகர் கண்ணை ஆராய்ந்து, சொன்ன இடத்திலேயே அடைப்பைக் கண்டார்.

மூளையில் கட்டி உள்ளவர்களுக்குப் பார்வை நரம்பு முனை வீங்குவதை 1860இல் விவரித்தார். இந்த வீக்கம் நிஜமானது. தலைவலி என்று வருபவரின் கண்ணுக்குள் டாக்டர் விளக்கடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். தைராய்டு மிகைப்பட்டவர் கீழே பார்க்கும்போது மேல் இமை கூடவே இறங்காமல் பின்தங்கும். 1864இல் சொன்ன இந்த அடையாளமும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பார்வைப் பரப்பை வரைபடமாக அளப்பதையும் 1850களின் நடுவில் மருத்துவமனை வழக்கமாக்கினார்.

பதவியும் நோயும்

உலகம் முழுக்கத் தெரிந்த பிறகும், பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷியா அரசில் கண் மருத்துவம் அறுவை சிகிச்சையின் ஒரு கிளையாகவே இருந்தது. கிரேஃபே முழுப் பேராசிரியர் ஆனது 1866இல். பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் கண் பிரிவு அவர் கைக்கு வந்தது 1868இல். அதற்குள் நுரையீரல் நோய் முற்றியிருந்தது. 1861இல் நுரையீரல் உறையில் வந்த கடும் அழற்சிக்குப் பிறகு அவர் முழுமையாகத் தேறவே இல்லை. 1862இல் டென்மார்க்கின் அன்னா க்னூத்தை மணந்தார். அறுவையையும் வகுப்பையும் கடைசிவரை விடவில்லை. 1870 ஜூலை 20 அன்று இறந்தார். முந்தைய நாள்தான் பிரான்ஸ் பிரஷியா மீது போர் அறிவித்திருந்தது. இரண்டே ஆண்டில் மனைவியும் போய்ச் சேர்ந்தார்.

ஷாரிட்டே அருகே அவருக்குச் சிலை வைத்தது 1882இல். கையில் ஆப்தால்மாஸ்கோப்போடு நிற்கிறார். அவரைக் கொன்ற நோயின் கிருமியை ராபர்ட் கோஹ் அதே பெர்லினில் அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

அவர் கை வைக்க முடியாத பகுதி

ஹைடல்பெர்க்கில் 1857இல் கிரேஃபே நண்பர்களோடு தொடங்கிய கண் மருத்துவர் கூட்டம் சங்கமாக வளர்ந்தது. 1884இல் அங்கேதான், கோக்கைன் கரைசலைச் சொட்டுவிட்டால் கண் மரத்துப்போகும் என்ற கார்ல் கோலரின் கண்டுபிடிப்பு முதலில் அறிவிக்கப்பட்டது. கிரேஃபேயின் நோயாளிகளுக்குக் கிடைக்காத அந்த நிம்மதி அதன்பின் எல்லோருக்கும் கிடைத்தது.

ஆனால் வலியில்லாத, கோணம் திறந்த கிளாக்கோமா அப்படியே நின்றது. ஐரிஸை வெட்டியதால் நன்மை வந்ததா, வெட்டுக் காயம் சரியாக மூடாமல் நீர் கசிந்ததால் வந்ததா என்று பாரிஸில் லூயி டெ வெக்கர் கேள்வி எழுப்பினார். கசிவே மருந்தானால், கசியும் வழியை வேண்டுமென்றே அமைக்கலாமே என்று யோசித்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர் சென்னையில் வேலை பார்த்தார். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் கருவிழி ஓரத்தில் சிறு வட்டத் துளைக்கருவியால் ஒரு துண்டை எடுத்து, மேலே வெண்படலத்தை மூடி, நீர் அதன் அடியில் கசியும்படி செய்தார். எலியட்டின் துளை அறுவை என்று அது உலகெங்கும் பரவியது. சொட்டு மருந்தும் லேசரும் போதாதபோது இன்று செய்யப்படும் டிரபெக்குலெக்டமி என்ற அறுவை, 1960களின் கடைசியில் வந்தது. கசியும் வழி அமைப்பது என்ற அதே யோசனையைப் பாதுகாப்பான முறையில் செய்கிறது.